காத்திருப்பு யார் கணக்கில்?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே நடந்தால் வலப்பக்கம் ட்ரெய்லர் லாரிகளின் வரிசை. வரிசைக்கு அந்தப் பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கற்கள், அதற்கும் அப்பால் கடல். மணி காலை ஒன்பது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வண்டிகள் நிற்கின்றன. சிலவற்றில் என்ஜின் ஓடுகிறது, சிலவற்றில் அணைந்திருக்கிறது. ஒரு டிரைவர் கீழே இறங்கிப் பல் துலக்குகிறார். முன்னால் எங்கோ ஒரு ஹாரன் கேட்டதும் வரிசை முழுக்க உறுமல் பரவுகிறது. துலக்கிக்கொண்டிருந்தவர் வாயைக் கூடக் கொப்பளிக்காமல் ஏறி உட்கார்கிறார். எல்லா வண்டிகளும் ஒரு வண்டி நீளம் நகர்ந்து மறுபடி நின்றுவிடுகின்றன.

உற்பத்தித்திறன் பற்றிப் பேசுகிறவர்கள் வேலை செய்த நேரத்தில் எவ்வளவு முடிந்தது என்றுதான் கேட்பார்கள். வேலை செய்யத் தயாராக வந்தவனை நிற்கவைத்த நேரம் யாருடைய கணக்கில் ஏறுகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நான் போனது இந்த இரண்டாவது கேள்வியோடுதான்.

நாற்பதடிப் பெட்டி ஏற்றிய வண்டி ஒன்றின் டிரைவர் என்னைக் கேபினுக்குள் ஏறிக்கொள்ளச் சொன்னார். சிவகங்கைப் பக்கம் ஊர், ஐம்பது வயதைத் தொட்டவர். சீட்டுக்குப் பின்னால் சுருட்டிய பாய், இருபது லிட்டர் தண்ணீர் கேன், ஒரு பையில் அரிசி, தக்காளி, எண்ணெய் பாட்டில். டூல் பாக்ஸில் ஸ்டவ். காலடியில் வேறொரு பாட்டில்; இந்தச் சாலையில் கழிப்பறை தேடி இறங்கிப் போக முடியாது என்பதால் அது. டேஷ்போர்டில் பிளாஸ்டிக் உறைக்குள் ஃபார்ம் 13. ஏற்றுமதிப் பெட்டி கேட்டுக்குள் போக வேண்டுமானால் அந்தத் தாள் வேண்டும்.

"எப்பண்ணே வந்து நின்னீங்க?"

"நைட்டு ரெண்டு மணி இருக்கும் சார்."

"தூங்கவே இல்லையா?"

"எங்க தூங்குறது? கண்ண மூடுனா முன்னாடி வண்டி போயிரும். நாம நகரலேன்னா சைடுல ஒருத்தன் பூந்துருவான். அப்புறம் கீழ எறங்கிச் சண்டைதான்."

அவர் சொன்னதில் இந்தக் கட்டுரையின் பாதி இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். உண்மையில் ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஒரு காலை கிளட்சுக்குப் பக்கத்திலும் ஒரு கண்ணை முன் வண்டியின் பின்விளக்கிலும் வைத்திருக்கிறார். இதை ஓய்வு என்று சொல்ல முடியாது. ஆனால் கூலி என்று வரும்போது இது வேலையும் இல்லை. அவருக்கு ட்ரிப் கணக்கு. "மாசத்துக்கு எத்தன ட்ரிப் அடிக்கிறமோ அதான் சார் காசு. நிக்கிறதுக்கு எவன் குடுப்பான்?" வண்டி முதலாளியும் பெரிய ஆள் இல்லை, மூன்று வண்டி வைத்திருப்பவர். ஃபைனான்ஸ் தவணை, வண்டி நின்றாலும் ஓடினாலும், மாதா மாதம் வந்துவிடும்.

இந்த வரிசை ஏன் உண்டாகிறது என்று துறைமுகத் தொழில் தெரிந்த பலரிடம் கேட்டேன். சாலை குறுகல், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் குறுக்கே வருகின்றன என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். அது உண்மைதான். அதைவிட முக்கியமான காரணம் கப்பலின் கட் ஆஃப். ஒரு கப்பலில் ஏற வேண்டிய பெட்டி குறிப்பிட்ட நேரத்துக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். தொழிற்சாலைகள் கடைசி மணி வரை உற்பத்தி செய்து அனுப்புகின்றன. சரக்குப் பெட்டக நிலையங்கள் பகல் முழுக்க ஆவணம் பார்த்துச் சாயங்காலம் விடுகின்றன. நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரே ராத்திரியில் எல்லா வண்டிகளையும் ஒரே சாலையில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. கேட்டில் கணினி கொஞ்ச நேரம் படுத்தால், சீல் எண்ணில் ஓர் இலக்கம் ஆவணத்தோடு ஒத்துவராவிட்டால், யார்டில் கிரேன் ஒன்று பழுதானால் வரிசை திருவொற்றியூர் பக்கமாக நீள்கிறது. இத்தனையிலும் டிரைவர் கையில் இருப்பது எதுவுமில்லை.

துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை என்று 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவம் ஆற்றில் தூண் போட்டதைக் காரணம் காட்டி 2012இல் வேலை நின்றது. 2022 மே 26 அன்று பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். முதல் கல்லுக்கும் இரண்டாவது கல்லுக்கும் நடுவில் 13 ஆண்டுகள். அந்த 13 ஆண்டுகளின் தாமதத்துக்கு எந்த அதிகாரியின் சம்பளமும் குறைந்ததில்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் இந்தக் கேபின்களில் சமைத்துச் சாப்பிட்டவர்கள்.

கப்பலின் கதை வேறு. பெரிய கப்பல் ஒரு நாள் வீணாக நின்றால் செலவு லட்சக்கணக்கில். அந்தச் செலவு யார் தலையில் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அதனால் கப்பல் நிற்கும் ஒவ்வொரு மணியையும் உலகமே அளக்கிறது. உலக வங்கி வெளியிடும் சரக்குப் பெட்டகத் துறைமுகச் செயல்திறன் குறியீட்டில் 2023ஆம் ஆண்டுக்கு எண்ணூரின் காமராஜர் துறைமுகம் 47ஆம் இடத்திலும் சென்னை 80ஆம் இடத்திலும் வந்தன. முதல் நூறுக்குள் இரண்டும் வந்தது பெருமைதான், அதில் கிரேன் ஓட்டுபவர் முதல் திட்டமிடுபவர் வரை பலரின் உழைப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் குறியீடு பார்ப்பது கப்பல் துறைமுகத்தில் கழித்த நேரத்தை மட்டுமே. மதில் சுவருக்கு வெளியே லாரி கழித்த நேரம் அதில் இல்லை. யார்டை நெருக்கிக் கப்பலுக்கு முன்னுரிமை கொடுத்து லாரியைக் காக்கவைத்தால் தரவரிசை ஏறக்கூட வாய்ப்பிருக்கிறது.

சட்டமும் இந்த டிரைவரைப் பாதி வழியில்தான் பார்த்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரம் எது என்று விளக்கும்போது வண்டி ஓடும் நேரத்தைச் சேர்த்தது, அதைச் சார்ந்த மற்ற வேலைகளைச் சேர்த்தது, முனையத்தில் வெறுமனே காத்திருப்பதையும் சேர்த்தது. ஆனால் அந்தக் காத்திருப்பு 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும். பேருந்து நிலையத்தில் அடுத்த நடைக்கு நிற்கும் டிரைவரை நினைத்து எழுதிய வரியாக இருக்க வேண்டும். காசிமேட்டில் ஏழு மணி நேரம் நிற்பவருக்கு அந்த வரியில் இடமில்லை.

இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதே துறைமுகத்தில் காத்திருப்புக்குக் கூலி கொடுத்த காலம் இருந்தது. அதைக் கேட்டறியத்தான் ராயபுரத்துக்குத் திரும்பினேன்.

1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய நிலையம் இங்கேதான் இருக்கிறது. அதற்குப் பக்கத்துத் தெரு டீக்கடையில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். டி.எல்.பி.யில் பதிவு பெற்ற தொழிலாளியாக இருந்தவர். டாக் லேபர் போர்டு என்று முழுதாக அந்தப் பகுதியில் யாரும் சொல்வதில்லை.

"எங்க அப்பா காலத்துல கேட்டாண்ட போய் நிக்கணும் தம்பி. மேஸ்திரி யாரப் பாத்துக் கை காட்றானோ அவனுக்குத்தான் அன்னிக்குச் சோறு. எங்க காலத்துல அப்படி இல்ல. நம்பர் இருந்துச்சு. நம்பர்படிதான் கூப்பிடுவாங்க."

1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் கீழ் சென்னைக்கு ஒரு திட்டமும் ஒரு வாரியமும் அமைந்தன. பதிவு பெற்ற தொழிலாளி வந்து பெயர் கொடுத்து, அன்று கப்பல் இல்லை என்றால் வருகைப்படி உண்டு. வேலைக்கு அனுப்பிய பிறகு மழையாலோ வேறு காரணத்தாலோ வேலை தொடங்காமல் திருப்பி அனுப்பினால் கூலியில் ஒரு பகுதி. மாதத்தில் இத்தனை நாளுக்குக் கூலி நிச்சயம் என்ற உத்தரவாதமும் இருந்தது. இதற்கான பணத்தைக் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் நிறுவனங்களிடமிருந்து லெவியாக வாங்கினார்கள். அதாவது தொழிலாளி காத்திருந்தால் அந்தச் செலவு முதலாளி பக்கம் ஏறியது.

உற்பத்தித்திறனுக்கும் அங்கே கணக்கு இருந்தது. ஒரு ஷிப்டில் ஒரு கேங் இத்தனை டன் இறக்க வேண்டும் என்று அடிப்படை அளவு ஒன்று, டேட்டம் என்பார்கள். அதற்கு மேல் போனால் ஊக்கத்தொகை. பெரியவர் நினைவில் நிற்பது அந்த ஊக்கத்தொகைகூட இல்லை. "கிரேன் நின்னுதுன்னா டாலி கிளார்க் டைம் போடுவாரு. எத்தன மணிக்கு நின்னுது, எத்தன மணிக்கு ஓடுச்சு. அத எழுதலேன்னா நாங்க விட மாட்டோம். அது எங்க தப்பு இல்லியே?"

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. இரண்டு பேர் செய்யக்கூடிய வேலைக்குப் பெரிய கேங்கை அனுப்பியதும், வேகமாக இறக்க வேண்டுமானால் ஸ்பீட் மணி கேட்டதும், கப்பல்கள் நாள்கணக்கில் வெளியே நின்றதும் நடந்தவைதான். பெரியவரே அதை மறைக்கவில்லை. 1983இல் சரக்குப் பெட்டகங்களுக்கென்றே தனி முனையம் இங்கே தொடங்கியது. மூட்டை தூக்கிய கைகளின் தேவை குறைந்தது. 2001இல் அந்த முனையம் தனியாரிடம் போனது, அதே ஆண்டில் டி.எல்.பி.யும் துறைமுகத்தோடு இணைந்தது. கிரேன் வந்ததும் பெட்டி வந்ததும் தவிர்க்க முடியாத மாற்றங்கள். தவிர்த்திருக்கக் கூடியது ஒன்று உண்டு. நின்ற நேரத்தைக் குறித்துவைக்கும் வழக்கத்தையும் அந்த மாற்றத்தோடு சேர்த்தே விட்டுவிட்டார்கள். கூலிக்காரன் கப்பலுக்குப் பக்கத்திலிருந்து சாலைக்கு இடம் மாறினான். அவனோடு டாலி கிளார்க் வரவில்லை.

இன்றைக்கும் பெரிய துறைமுகங்களில் உற்பத்தித்திறனோடு இணைந்த வெகுமதி இருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை அதைத் திருத்தி ஒப்புக்கொண்டது. நாடு முழுவதும் 20,704 ஊழியர்களுக்குப் பலன், சுமார் 200 கோடி ரூபாய் செலவு. அந்தந்தத் துறைமுகத்தின் செயல்பாட்டுக்குத் தரும் எடை 50 சதவீதத்திலிருந்து 55, பிறகு 60 சதவீதம் என்று ஏறுகிறது. நல்ல ஏற்பாடு, நான் வரவேற்கிறேன். சென்னையும் காமராஜரும் சேர்ந்து 2024-25இல் பத்துக் கோடி டன்னுக்கு மேல் சரக்குக் கையாண்டிருக்கின்றன, அதற்குரியவர்களுக்கு வெகுமதி போக வேண்டும். ஆனால் அந்தச் சரக்கில் தன் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்த சிவகங்கைக்காரர் 20,704 பேரில் ஒருவர் அல்ல. அவர் எந்தத் துறைமுகத்தின் ஊழியரும் அல்ல.

இதே துறைமுக அலுவலகத்தில் 1912 மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு கிளார்க் சேர்ந்தார். கணக்கு எழுதும் வேலை முடிந்ததும் தன் சொந்தக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அதற்காக அவரைக் கண்டிக்கவில்லை. அவருடைய கணிதத்தின் அருமையை அறிந்தவர்களுக்குக் கடிதம் போகவும், அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை கிடைக்கவும் துணை நின்றார்கள். ராமானுஜன் கதையை மேதையின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். துறைமுகத்தைப் பொறுத்தவரை அது இரண்டு மேலாளர்களின் கதையும்தான். ஊழியனின் மிச்ச நேரம் எங்கே போகிறது என்று பார்த்து, அதற்குத் தங்களையும் பொறுப்பாக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

வெளிநாடுகளில் லாரி வரிசைக்கு என்ன செய்தார்கள் என்று தேடினால் இரண்டு இடங்கள் கண்ணில் படுகின்றன. கலிபோர்னியா 2002இல் ஒரு சட்டம் போட்டது. முனையத்தின் வாசலில் லாரியை 30 நிமிடத்துக்கு மேல் என்ஜின் ஓட நிற்கவைத்தால் முனையத்துக்கு 250 டாலர் அபராதம். புகையைக் குறைக்கப் போட்ட சட்டம் அது, ஆனால் அபராதம் யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். சிட்னியின் பாட்டனி துறைமுகத்தில் 2011 முதல் இன்னும் நேர்மையான ஏற்பாடு. லாரிக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். லாரி அந்த நேரத்துக்கு வரவில்லை என்றால் லாரி நிறுவனம் அபராதம் கட்டுகிறது. லாரி நேரத்துக்கு வந்தும் முனையம் இழுத்தடித்தால் முனையம் லாரி நிறுவனத்துக்குக் கட்டுகிறது. பொறுப்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. நமக்கு வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருவொற்றியூருக்கு மெட்ரோவில் போனேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் நீண்டது. தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பெயரைத் தாங்கிய நிலையம் அது. இந்த ஊரே தொழிற்சாலைகளின் ஊர். 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1955 முதல் புல்லட் செய்த என்ஃபீல்டு, எண்ணூர் எல்லையில் அசோக் லேலண்ட். பெரிய பெயர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் பக்கம் அப்படியொரு பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்தேன். வாகன நிறுவனங்களுக்குத் தகடு வெட்டி வளைத்துத் தருகிறார்கள். உள்ளே பேச வேண்டுமானால் பிரஸ் விழும் இரண்டு சத்தங்களுக்கு நடுவில் பேசி முடிக்க வேண்டும்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. மணி, டார்கெட், ஆக்சுவல், காரணம், பொறுப்பு என்று ஐந்து கட்டங்கள். எல்லாப் பட்டறைகளிலும் இருக்கும் பலகைதான். ஆனால் கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். பத்து மணி வரிசையில் ஆக்சுவல் குறைந்திருக்கிறது. காரணம், டை தேய்மானம். பொறுப்பு, டூல் ரூம். பதினோரு மணிக்கு, தகடு இல்லை. பொறுப்பு என்ற கட்டத்தில் சிவப்பு மையில் பட்டறை முதலாளியின் பெயர். அவரே எழுதியது.

"முன்னெல்லாம் அந்தக் கட்டத்துல ஆபரேட்டர் பேருதான் சார் இருக்கும்" என்றார். பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மனாக இருந்து, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவர். "ஒரு மாசப் பலகைய நோட்டுல எழுதி வச்சுப் பாத்தேன். ஆபரேட்டர் தூங்கி நின்ன மெஷின் ஏதோ ஒண்ணு ரெண்டு. மீதி எல்லாம் தகடு வரல, டை ஒடஞ்சிது, கரண்ட் இல்ல, டிராயிங் மாறிடுச்சு. தகடு வாங்குறது யாரு? நான். அப்ப அவன் பேர எழுதுறது எப்படி நியாயம்?"

நின்ற மணிக்கும் அவர் சராசரி ஊக்கத்தொகையைப் போட்டுக் கொடுக்கிறார். அப்படிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் தகடு ஸ்டாக்கை அவர் தினமும் பார்க்கிறாராம். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். காத்திருப்பின் செலவு தன் பைக்கு வந்ததும் காத்திருப்பைக் குறைக்கும் வழி தெரிந்துவிட்டது.

அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் போருக்குப் பின் ஜப்பானியத் தொழில்களுக்குத் தரம் பற்றிப் பாடம் நடத்தியவர். அவருடைய மதிப்பீட்டில் ஒரு நிறுவனத்தின் தொல்லைகளில் 94 சதவீதம் அமைப்பைச் சேர்ந்தவை, அவை நிர்வாகத்தின் பொறுப்பு. திருவொற்றியூர் ஃபோர்மன் அவரைப் படித்தவர் அல்ல. ஒரு மாத நோட்டு அவரை அதே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

தகடு ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கொஞ்சம் தயங்கினார். அவருக்கு வர வேண்டிய பணம் வரவில்லை. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி வாங்கினால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். ஆக மேலே ஒரு மேசையில் பில் தூங்குகிறது, அதனால் தகடு வரவில்லை, அதனால் பிரஸ் நிற்கிறது, அதனால் ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பலகையில் முதலாளி பெயரோடு சிவப்பு மை நின்றுவிடுகிறது. அதற்கும் மேலே ஏற வழியில்லை.

சில நேரம் மேலே நடப்பது இன்னும் பெரிதாக இருக்கும். 2019 செப்டம்பரில் வாகன விற்பனை சரிந்தபோது அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலைக்கு 16 நாள் உற்பத்தி இல்லாத நாள்களாக அறிவித்தது. சந்தை படுத்தால் ஆலை நிற்பது புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் பெரிய ஆலை ஒரு நாள் நின்றால் இந்தக் கொட்டகைகளில் அதற்கும் முன்னாலேயே வேலை நின்றுவிடும், அறிவிப்பு எதுவும் இல்லாமல். "அந்த மாசம் எங்காளுங்க பாதிப் பேர் ஊருக்குப் போயிட்டாங்க. நல்ல ஆபரேட்டர் மூணு பேர் திரும்பி வரவே இல்ல" என்றார் அவர்.

எண்ணூரில் காட்சி மாறுகிறது. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தைச் சுற்றிப் புகைபோக்கிகள், கன்வேயர்கள், சாம்பல் படிந்த செடிகள். பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதற்கு வடக்கே புதிய நிலையங்கள் கட்டுகிறார்கள். அங்கே மின் வாரியத்துக்காகப் பெல் நிறுவனம் கட்டிவரும் எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் திட்டத்தில் 2025 செப்டம்பர் 30 அன்று கட்டிக்கொண்டிருந்த இரும்பு வளைவு சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். வெளிமாநிலங்களிலிருந்து, பெரும்பாலும் அசாமிலிருந்து, வந்தவர்கள். முதல்வர் தலா 10 லட்சம், பிரதமர் தலா 2 லட்சம் ரூபாய் அறிவித்தார்கள்.

நான் போனபோது அந்தப் பகுதியில் வேறொரு கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் இளைஞர்கள் சாயங்கால ஷிப்ட் முடிந்து சாலையோரக் கடையில் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். கழுத்தில் தொங்கிய கேட் பாஸைக் காட்டச் சொன்னேன். அதில் அவர் புகைப்படம், ஒரு எண், ஒரு உப ஒப்பந்ததாரரின் பெயர். தளம் யாருடையது, கட்டுகிறவர் யார் என்று எதுவும் இல்லை. உங்கள் முதலாளி யார் என்று கேட்டேன். செல்போனை எடுத்து ஓர் எண்ணைக் காட்டினார். மேஸ்திரியின் எண். சம்பளம், லீவு, காய்ச்சல், சண்டை, எல்லாவற்றுக்கும் அந்த ஓர் எண்தான். சாரம் ஆடுகிறது என்று தோன்றினால் யாரிடம் சொல்வீர்கள் என்றேன். மறுபடி அதே எண்ணைக் காட்டினார். அந்த மேஸ்திரிக்கோ ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். வேலை நின்றால் அவருக்கும் காசு நிற்கும்.

கட்டுமான ஒப்பந்தங்களில் தாமதத்துக்கு அபராதம் உண்டு. இது எந்த ஒரு தளத்தையும் சுட்டிச் சொல்வதல்ல, தொழிலின் பொது வழக்கம். அந்த அபராதம் மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக இறங்கும். வரைபடம் தாமதமானது, இரும்பு தாமதமானது, அனுமதி தாமதமானது, எல்லாம் சேர்ந்து கடைசியில் சாரத்தில் நிற்பவனிடம் அவசரமாக வந்து சேரும். காசிமேட்டில் மேலே இருப்பவர்களின் தாமதம் தொழிலாளி தலையில் காத்திருப்பாக இறங்குகிறது. எண்ணூரில் அதே தாமதம் அவசரமாக இறங்குகிறது. காத்திருப்பு கூலியைத் தின்கிறது, அவசரம் உயிரைத் தின்கிறது.

பொறுப்பை மேலே ஏற்றத் தெரியாத நாடல்ல இது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்றது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆலையில் விபத்து என்றால் கம்பெனியின் இயக்குநர் ஒருவரே ஆலையின் பொறுப்பாளராகப் பதில் சொல்ல வேண்டும், கீழே உள்ள மேலாளர் ஒருவரை நீட்டிவிட்டு ஒதுங்க முடியாது என்றது திருத்தம். நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 1996இல் நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. கூலிக்கும் விபத்துக்கும் ஏணி இருக்கிறது. நேரத்துக்கு மட்டும் இல்லை. இயக்குநர் குழுக் கூட்டத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கை பேசப்படும். நிற்கவைத்த மணிகளும் விரட்டிய மணிகளும் அந்த மேசைக்கு வருவதே இல்லை.

2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையச் சட்டத்தின்படி அமைந்த வாரியத்தில் துறைமுக ஊழியர்களுக்கு இரண்டு பிரதிநிதிகள் உண்டு. லாரி டிரைவர்கள் ஊழியர்கள் அல்லாததால் அவர்கள் சார்பில் ஒருவரும் இல்லை. கேட்டில் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை வைத்து வண்டி நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் பதிகிறார்கள். அந்தப் பதிவு கேட்டில் தொடங்குகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வரிசையின் வாலில் வந்து நின்ற நேரம் அதில் இருக்காது. ஆனால் வண்டி முதலாளியின் ஜி.பி.எஸ்.ஸில் இருக்கும். ஒவ்வொரு ட்ரெய்லரும் எங்கே எத்தனை மணி நேரம் நகராமல் நின்றது என்ற விவரம் இந்த ஊரில் ஏற்கெனவே சேர்ந்துகிடக்கிறது.

டிரைவர் சங்கங்களும் ட்ரெய்லர் உரிமையாளர் சங்கங்களும் இதுவரை பெரும்பாலும் வாடகையைக் கூட்டச் சொல்லித்தான் வண்டியை நிறுத்தியிருக்கின்றன. அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்த ஜி.பி.எஸ். பதிவுகளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வரிசையின் கடைசி வண்டி நிற்கும் இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கச் சொல்ல வேண்டும். கப்பல் நின்ற மணியை அச்சிடும் அதே மாதாந்திரப் பட்டியலில் லாரி நின்ற மணியையும் அச்சிடச் சொல்ல வேண்டும். பாட்டனியில் போல, ஒதுக்கிய நேரம் தாண்டினால் தாமதித்தவர் யாரோ அவர் கட்ட வேண்டும், அதில் டிரைவரின் பங்கு தனியாக எழுதப்பட வேண்டும். வாரியத்தில் அவர்களுக்கு ஓர் இருக்கையும் கேட்க வேண்டும். இதற்கு மதுரவாயல் பறக்கும் சாலை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.